வாசித்தவர்: பிரிண்டர் டாக்டர்

அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் அவரைப் பிரிண்டர் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆபீஸ் ஆபீஸாகப் போய், காகிதம் சிக்கிக்கொண்ட பிரிண்டர்களின் வயிற்றைத் திறந்து சரிபண்ணுவது அவர் தொழில். ஆனால் பட்டப்பெயர் என்று ஒன்று கிடைத்துவிட்டால் மனிதன் லேசில் அதைவிட்டு இறங்கமாட்டான். மூன்றாம் மாடியில் மிக்சி ஓடவில்லையா, மாடிப்படி விளக்கு எரியவில்லையா, கூப்பிடு டாக்டரை. அவரும் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், தெரிந்ததைத் தெரிந்த மாதிரியும், தெரியாததை அதைவிட நன்றாகத் தெரிந்த மாதிரியும் பார்த்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். வாங்காததை மட்டும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார்.

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாவுக்கு என்று ஒதுக்கியிருந்தார். அந்த அம்மா கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. இரண்டு வருஷமாகப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது, சுற்றிலும் இருப்பது மங்கலாகத் தெரியும். வீட்டுக்குள் நடப்பார், டீ போடுவார், விரலால் தடவியே ஊசியில் நூல்கூடக் கோத்துவிடுவார். எழுத்து மட்டும் கைவிட்டுப் போயிற்று. அதனால் வாரம் முழுவதும் வந்த தபாலைச் சேர்த்து வைத்திருப்பார், டாக்டர் வந்து வாசித்துக் காட்டுவார்.

வாசிப்பதை அந்த அம்மா சும்மா கேட்டுக்கொண்டிருக்கமாட்டார், அதுதான் விசேஷம். எதிரே பழைய டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, டாக்டர் வாசிக்க வாசிக்கத் தட்டிக்கொண்டே போவார். அந்த விரல்களுக்குக் கண் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு. எண், தேதி, அனுப்பியவர், சாரம், கடைசி வரியில் ‘வாசித்தவர்: பிரிண்டர் டாக்டர்’. சீட்டைக் கடிதத்தின் பின்னால் பின் அடித்து நீலக் கோப்பில் கோத்துவிடுவார். அந்தக் கடைசி வரிக்காகவே டாக்டர் மழை பெய்தாலும் வந்துவிடுவார் என்று சொன்னால் அது பொய்யாகாது.

அன்றைக்கு மேஜைமேல் தபாலுக்குப் பதில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது.

“உக்காருங்க தம்பி. இன்னிக்கு ஒரு அதிசயம் காட்டறேன்,” என்றார் அம்மா. முகத்தில் ஒரு குழந்தைத்தனம் வந்திருந்தது. “கண் ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு சங்கம் வெச்சிருக்காங்கல்ல, அங்கேர்ந்து இரவல் குடுத்திருக்காங்க. ஒன்றரை வருஷம் வரிசையில நின்னு இப்பத்தான் என் முறை வந்துது.”

பெட்டிக்குள் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி. கையில் அடங்கும். அடிப்பக்கம் ஒரு கேமரா, மேலே ஒரே ஒரு பொத்தான்.

“எந்தக் காகிதத்துமேல பிடிச்சாலும் சத்தமா வாசிக்குமாம். வீட்டு வைஃபையில சேர்த்துவிட்டாப் போதும்னாங்க. அதான் நம்ம வீட்டுல இருக்கே. நீங்கதானே வெச்சுக் குடுத்தீங்க.”

“பிரமாதம்மா,” என்றார் டாக்டர்.

“முதல்ல என்ன பண்ணப்போறேன் தெரியுமா? இந்தக் கோப்பை முதல் தாள்லேர்ந்து ஒண்ணு விடாம வாசிக்கப்போறேன். உங்க வாயால கேட்டதுதான், இருந்தாலும் நானே வாசிச்ச மாதிரி இருக்குமில்ல.”

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, அந்த அம்மாவுக்கு நேரே இருக்கும் முகம் தெரியாது. இப்படி ஒரு நல்லவேளையை நினைத்துக்கொண்டதற்காகவே அவர் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டார்.

விஷயம் இதுதான். மூன்று வருஷம் முன்னால் கீழ்வீட்டில் மோடத்தை மாட்டி, பாஸ்வேர்டு போட்டு, “எட்டுக் கருவிக்கு மேல இதுல நுழைய முடியாதபடி பூட்டிட்டேம்மா, வெளியாள் ஒருத்தன் திருட முடியாது,” என்று மார்தட்டியவர் டாக்டர்தான். அன்றைக்கே அவர் வீட்டில் மனைவி, “ஊருக்கெல்லாம் நெட் வெச்சுக் குடுக்கறீங்க, நம்ம வீட்டுல மட்டும் இல்ல,” என்று இடித்துக் காட்டினாள். சரி, நமக்கு வரும்வரை இரண்டு நாள், இரண்டே நாள் என்று தன் போனைக் கீழ்வீட்டு இணைப்பில் சேர்த்தார். இணைப்பு சமையலறைத் தரை வழியாக ஜோராக மேலே ஏறி வந்தது. அப்புறம் மனைவியின் போன். அப்புறம் மகளின் போன், மகளின் லேப்டாப், ஹால் டிவி, மனைவி சமையல் வீடியோ பார்க்கிற டேப்லெட். அம்மாவுக்கு ஒரு போன், ஒரு ரேடியோ. ஆக மொத்தம் எட்டு, கச்சிதமாக. அந்த இரண்டு நாள் மூன்று வருஷமாக முடியவே இல்லை. டாக்டரின் வீட்டிலோ, அவர் தன் பெயரில் வாங்கிப் போட்ட நெட் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு போயிருந்தால் அற்பத்தனம் என்று தள்ளிவிடலாம். நெட் நிறுவனத்திலிருந்து அம்மாவுக்குக் கடிதம் வர ஆரம்பித்தது. உங்கள் அளவு மாதம் முடியும் முன்பே தீர்ந்துவிட்டது, இனி வேகம் குறையும், வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள் என்று. அந்தக் கடிதத்தை டாக்டரிடமே நீட்டி வாசிக்கச் சொன்னார் அம்மா. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்கள் வாடிக்கையாளராக இருப்பதற்கு நன்றின்னு போட்டிருக்கான்மா, வேற ஒண்ணுமில்ல,” என்று வாசித்தார். அம்மா டைப் அடித்தார். வாசித்தவர்: பிரிண்டர் டாக்டர். இப்படி நான்கு கடிதம்.

அம்மாவுக்குக் கடல் தாண்டி ஒரு தங்கை. நெட் வழியாகத்தான் பேச்சு. மாதக் கடைசியில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும், பாதியில் அறுந்துபோகும். “அக்கா வேணும்னே போனை வெச்சுடறா” என்று தங்கைக்குக் கோபம். டாக்டரைக் கேட்டால், “பழைய கட்டிடம்மா, கான்கிரீட் சுவர், அப்படித்தான் இருக்கும்,” என்று பூசி மெழுகிவிடுவார். ஆறு மாதமாகத் தங்கை கூப்பிடுவதே இல்லை.

இப்போது அந்தச் சோப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். பொத்தானை அழுத்தினார். அம்மாவின் போன் வழியாகக் கருவியைத் தேடிப் பிடித்தார். வீட்டு வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்தார், மனப்பாடமான பாஸ்வேர்டைப் போட்டார். கருவி கொஞ்சம் யோசித்தது.

“இணைக்க முடியவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்,” என்றது ஒரு பெண்குரல்.

எப்படி முடியும்? எட்டு இடமும் நிரம்பியிருந்தது. காரணம் டாக்டருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தன் போனை எடுத்து மேல்வீட்டு டேப்லெட்டை மட்டும் நீக்கியிருந்தால் போதும், அரை நிமிஷ வேலை. ஆனால் கண் நீலக் கோப்பின்மேல் போயிற்று. இன்னும் இரண்டு தடவை முயற்சி செய்கிற மாதிரி செய்தார். இரண்டு தடவையும் அந்தப் பெண்குரல் அதையே சொன்னது.

“மெஷின்லதான் கோளாறும்மா. உள்ள இருக்கற வைஃபை சில்லு செத்துப்போச்சு. திருப்பிக் குடுத்துடுங்க.”

அம்மா காலி அட்டைப்பெட்டியைக் கையால் தடவினார். “குடுத்தா மறுபடி வரிசையில கடைசியில நிக்கணும் தம்பி.”

“என்ன பண்றது.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார். அப்புறம் டைப்ரைட்டரில் ஒரு தாளைச் சுற்றினார். “திங்கக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கறப்ப வாய்வார்த்தையாச் சொல்லக்கூடாது. பார்த்த ஆள் யாரு, என்ன கோளாறுன்னு ஒரு சான்று வேணும்.” நான்கே வரி அடித்து உருவி நீட்டினார். ‘கருவி பழுதடைந்துள்ளது என்று சோதித்து அறிந்தேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம். டாக்டர் கையெழுத்துப் போட்டார். போடும்போது கை நடுங்கவில்லை, அதுதான் அவமானம்.

மேலே வந்தால் வீடே கலகலவென்று இருந்தது. ஹாலில் டிவி, உள்ளறையில் மகள் லேப்டாப்பில், சமையலறையில் மனைவி தன் அண்ணனுடன் வீடியோவில்.

“எங்க வீட்டுக்காரர் இருக்கறவரைக்கும் எங்களுக்கென்ன அண்ணா,” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “நெட்டுன்னா நெட்டு, ஒரு நிமிஷம் நிக்காது. நீங்க பேசறது பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு.” அவரைப் பார்த்ததும், “என்னங்க, கீழ வேலை முடிஞ்சுதா? நீங்க கைவெச்சு எது ஓடாம இருந்திருக்கு,” என்றாள்.

“ஓடல. மெஷின் சரியில்ல,” என்றார். தட்டின் முன் உட்கார்ந்தார். தரைக்குக் கீழிருந்து டக் டக் என்று டைப்ரைட்டர் சத்தம் வந்தது. திருப்பி அனுப்பும் கடிதத்தை அடிக்கிறார் போலிருக்கிறது. வழக்கமாகக் குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்கும் சத்தம். இன்றைக்கு நின்று நின்று, ஒவ்வோர் எழுத்தாக வந்தது. டாக்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். தன்னை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ராத்திரி முழுக்கப் புரண்டு கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கருவியைச் சேர்த்துக் கொடுத்துவிடுவது, நம் கருவிகளையெல்லாம் எடுத்துவிடுவது, அம்மா அசந்த நேரம் அந்த நான்கு கடிதங்களையும் உருவிவிடுவது. ஒரே கல்லில் எல்லாமே சுத்தமாகிவிடும் என்று கணக்குப் போட்டார். மனுஷன் திருந்தும்போதுகூடத் தன் சட்டையில் கறை படாமல் திருந்தத்தான் பார்க்கிறான், என்ன சொல்ல.

ஞாயிறு காலை கீழே போய், “ராத்திரி யோசிச்சேன்மா, இன்னொரு வழி இருக்கு, பார்த்துடலாம்,” என்றார். மோடத்தின் பக்கத்தைத் தன் போனில் திறந்தார். டிவி. டேப்லெட். லேப்டாப். மகள் போன். மனைவி போன். ஒவ்வொன்றாக நீக்கினார். உடனே போன் அடித்தது.

“என்னங்க, நெட் போயிடுச்சு.”

“கம்பெனியில வேலை நடக்குதாம்,” என்றார். வாய்க்குப் பொய் பழகிவிட்டால் அது யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கடைசியாகத் தன் போனையும் நீக்கிவிட்டு, அம்மாவின் போனில் பாஸ்வேர்டைப் போட்டார். 

“இணைப்பு கிடைத்தது. வாசிக்கத் தயார்,” என்றது பெண்குரல்.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும் தம்பி. உக்காருங்க, டீ போடறேன்.” சுவரைத் தொட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

பாத்திரச் சத்தம் கேட்டதும் டாக்டர் நீலக் கோப்பைத் திறந்தார். எந்தெந்தக் கடிதம் என்று அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை, நான்கும் மனதில் எரிந்துகொண்டிருந்தவை. சீட்டும் கடிதமுமாகக் கம்பியிலிருந்து கழற்றி, டூல் பையில் ஸ்க்ரூ டிரைவர் சுருளுக்கு அடியில் செருகினார். கோப்பை மூடினார். டீ வந்தபோது நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

அம்மா முதலில் மாத்திரை அட்டையின்மேல் கருவியைப் பிடித்தார். அது மாத்திரையின் பெயரைச் சொன்னது. சிரித்தார். நாட்காட்டியில் பிடித்தார், தேதி சொன்னது. அதற்கும் சிரித்தார். அப்புறம் கோப்பை மடியில் எடுத்து, முதல் தாளான பொருளடக்கத்தின்மேல் பிடித்தார். “மொத்தம் நாற்பத்தொன்று,” என்று முடித்தது குரல்.

“சரியாச் சொல்லுது,” என்றார் அம்மா. கட்டைவிரலால் கட்டுகளைப் புரட்டி எண்ண ஆரம்பித்தார். எண்ணிப் பார்க்காமல் கோப்பை வாசித்துப் பழக்கம் இல்லை. டாக்டர் இதை எதிர்பார்க்கவில்லை.

முப்பத்தேழில் விரல் நின்றது. மறுபடி எண்ணினார். விரலில் எச்சில் தொட்டுக்கொண்டு மூன்றாம் தடவையும் எண்ணினார். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் கையால் துழாவினார். அலமாரியின் கீழ்த்தட்டைத் துழாவினார். பழைய பேப்பர் கூடையைக் கவிழ்த்துத் தாள் தாளாகத் தடவிப் பார்த்தார்.

“நாலு காணோம் தம்பி.”

“எங்கயாவது இருக்கும்மா,” என்றார் டாக்டர். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“இல்ல. நான் கை தவறிக் குப்பையில போட்டிருக்கேன்.” தரையிலேயே உட்கார்ந்திருந்தார். “முப்பத்திரண்டு வருஷம். கொலைக் கேஸ், நிலக் கேஸ், எத்தனை ஆயிரம் தாள். ஒரு தாள் என் கையில காணாமப் போனதில்ல. ஜட்ஜே கேப்பார், அந்த அம்மா கட்டின கோப்பான்னு. இப்ப என் வீட்டுத் தபாலையே என்னால வெச்சுக்க முடியல. கண்ணு போனப்பகூட இப்படி இல்ல தம்பி. கண்ணோட புத்தியும் போகுதுபோல.” அவர் முகம் சிவந்துபோயிருந்தது. டாக்டர் இருந்த பக்கம் பார்க்காமல், புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “ஒரு உதவி பண்ணுங்க. இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வெட்கமா இருக்கு.”

செய்தவன் அங்கே டீயைக் குடித்துக்கொண்டிருக்க, செய்யாதவர் தரையில் உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். டாக்டருக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. டூல் பையைக்கூடக் கையில் எடுத்தார். எடுத்தவர், அதைத் திறந்து, நான்கு கடிதங்களையும் அம்மாவின் மடியில் வைத்தார்.

“நீங்க தொலைக்கலம்மா.”

அம்மா தடவிப் பார்த்தார். பின் அடித்த இடம், ஓட்டைகள், சீட்டு. மேலே இருந்ததை நிமிர்த்திப் பிடித்துப் பொத்தானை அழுத்தினார்.

“இந்த மாதமும் தங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட அளவு பத்தொன்பதாம் தேதியே தீர்ந்துவிட்டது. எனவே மாத இறுதிவரை வேகம் குறைக்கப்படுகிறது. தங்களுக்குத் தெரியாமல் வேறு யாரேனும் தங்கள் இணைப்பைப் பயன்படுத்துகிறார்களா என்று சரிபார்க்கவும்,” என்று குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது. தாளைத் திருப்பினார். “எண் இருபத்து மூன்று. அனுப்பியவர், இணைய நிறுவனம். சாரம், வாடிக்கையாளருக்கு நன்றி. வாசித்தவர், பிரிண்டர் டாக்டர்.”

அடுத்தது. அதன் சீட்டு. அதற்கடுத்தது. நான்கையும் வாசிக்கவைத்தார், ஒன்றைக்கூட விடவில்லை. நான்கு தடவையும் அந்தப் பெயர் வந்தது. இரண்டு வருஷமாக எந்தப் பெயருக்காகப் படி இறங்கி வந்தாரோ, அதைக் கேட்டு டாக்டர் கூனிக் குறுகி நின்றார்.

“பத்தொன்பதாம் தேதி,” என்றார் அம்மா மெதுவாக. “என் தங்கச்சி பேசறது அறுந்துபோறதெல்லாம் மாசக் கடைசியிலதான்.”

“ஆமாம்மா.”

அம்மா எழுந்து டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தார். இரண்டு தாளுக்கு நடுவே கார்பனை வைத்துச் சுற்றினார். “சொல்லுங்க.”

“என்னத்தம்மா?”

“நடந்ததை. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கறேன்.”

“உங்களுக்குத் தெரியாம நெட்டை யாரோ…”

“யாரோன்னு போட முடியாது தம்பி. யாரு, எத்தனை கருவி, எந்தத் தேதியிலேர்ந்து. அதைச் சொல்லுங்க.”

சொன்னார். எட்டுப் பூட்டைச் சொன்னார், ஆறு கருவியைச் சொன்னார், நான்கு கடிதத்தைச் சொன்னார். நேற்றுப் போட்ட கையெழுத்தைச் சொன்னார். கான்கிரீட் சுவர் என்று சொன்னதை அவராகத்தான் சொன்னார், அம்மா கேட்கவில்லை. விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. எங்கும் நிற்கவில்லை. தங்கை என்கிற சொல் வந்த இடத்தில் மட்டும் ஒருமுறை நின்று, பிறகு ஓடின.

“கோர்ட்டுல வாக்குமூலத்தை எழுதினா, கொடுத்தவருக்கு அதை வாசிச்சுக் காட்டணும். அவர் சரின்னு ஒத்துக்கணும்,” என்று சொல்லிவிட்டு, தாளை உருவி மேஜைமேல் பரப்பிக் கருவியைப் பிடித்தார்.

அந்தப் பெண்குரல் எல்லாவற்றையும் வாசித்தது. ‘ஹால் டிவி’ என்பதையும், ‘நன்றி என்று பொய்யாக வாசித்தேன்’ என்பதையும் ஒரே மாதிரி வாசித்தது. கடைசி இரண்டு வரியில் வந்து நின்றது. “வாக்குமூலம் கொடுத்தவர், மேல்வீட்டுக்காரர். வாசித்தது, இயந்திரம்.”

“சரியா?” என்றார் அம்மா.

“சரிம்மா.”

கையெழுத்துப் போட்டார். கார்பன் பிரதியிலும் போட்டார். “நேத்துக் குடுத்த சான்றைக் கிழிச்சுடட்டுமா?” என்று கேட்டார்.

“கோப்புலேர்ந்து ஒண்ணும் எடுக்கக்கூடாது. அதுவும் இருக்கட்டும்.” இரண்டையும் சேர்த்துப் பின் அடித்தார். கார்பன் பிரதியை நீட்டினார். “இது உங்களுக்கு. இனிமே சனிக்கிழமை வரவேண்டாம் தம்பி. மெஷின் இருக்கு.” கோபமே இல்லாமல் சொன்னார். கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

அவர் செருப்பை மாட்டும்போது உள்ளே போன் மணி போய்க்கொண்டிருந்தது. “நான்தான்டி. வெச்சுடாத, ஒரு விஷயம் சொல்லணும்,” என்று அம்மா சொன்னது வாசல்வரை கேட்டது. அறுபடாமல் கேட்டது.

படியேறி வந்தார். மனைவி கதவைத் திறந்துகொண்டு, “என்னங்க, நெட் எப்ப வருமாம்? அண்ணன் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காரு,” என்றாள்.

“வராது.”

“ஏன்?”

மடித்த தாளை அவளிடம் கொடுத்தார். எதைப் படித்தாலும் வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். முதல் வரியைச் சத்தமாக ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் சத்தம் குறைந்தது. மூன்றாவது வரியில் உதடு மட்டும் அசைந்தது. உள்ளேயிருந்து மகள், “யாரும்மா அது?” என்றாள். அவர் செருப்பைக் கழற்றாமல், தன் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே, டூல் பையும் தோளுமாக அவள் தாளின் அடியில் இருந்த தன் கையெழுத்துவரை படித்து வந்து சேரக் காத்து நின்றார்.